ரஸ்க் மணத்த கூடையைத் தேடித் தென்காசிக்கு

ராட்டர்டாமில் இருக்கும் என் அண்ணி, அழுக்குத் துணி போட்டு வைக்க ஒரு கூடை வாங்கினார். வாழைமட்டைக் கயிற்றில் பின்னியது, மூடியோடு இடுப்பு உயரம் இருக்கும். வாங்கிய மறுநாளே தொலைபேசியில், "கூடையத் தெறந்தா ரஸ்க் வாசனை வருது. இந்தியாவுல செஞ்சதுதான். உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கூடையில் தொங்கிய அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "தென்காசி, தமிழ்நாடு" என்று இருந்தது. அதன் கீழே, இந்தக் கூடையை வாங்குவதன் மூலம் நீங்கள் ஒரு சமூகத்தின் நிலைத்த வளர்ச்சிக்குத் துணை நிற்கிறீர்கள் என்று ஒரு வரி.

நான் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இத்தகைய அட்டைகளை நம்பாமல் இருப்பது எனக்குத் தொழில் பழக்கம். ஐரோப்பாவில் பல நாடுகளில் கடை வைத்திருக்கும் நிறுவனம் அது. அதன் இணையதளத்தில், அண்ணி வாங்கிய கூடையைச் சொல்லி, ஒரு கேள்வி எழுதிப் போட்டேன்: கூடை பின்னும் இடத்தை நான் போய்ப் பார்க்கலாமா? பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. எங்கள் ஊழியர் அங்கு வரும் நாளில் மட்டும் பார்வையாளரை அனுமதிக்கிறோம் என்று ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். கடந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. குற்றாலத்தில் சீசன் நேரம். மூன்று இரவுகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினேன். குற்றாலம் போகத் திட்டமிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியையும், அட்டைகளைப் படித்துப் பொருள் வாங்குகிறவர்கள் மீதியையும் படித்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் ரயில் காலை ஏழரை மணிக்கு மேல் தென்காசி சேர்ந்தது. கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னலில் ஈரம் படிந்தது. மழை என்று சொல்ல முடியாது. மேற்கே மலைமேல் பெய்வதன் மிச்சம் காற்றோடு இறங்கி வருகிறது. இங்கே அதைச் சாரல் என்கிறார்கள். குடை பிடித்தால் வேண்டாத வேலை போலிருக்கும், பிடிக்காவிட்டால் கால் மணி நேரத்தில் நனைந்திருப்போம். முதல் நாள் துவைத்துக் கொடியில் போட்ட என் துப்பட்டா, நான்காம் நாள் ஈரமாகவே பைக்குள் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ரயில் நிலையத்திலிருந்து குற்றாலம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். ஐந்தருவி சாலையில் அறை எடுத்தேன். வார நாளில் ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். சனி, ஞாயிறு இரட்டிப்பு என்று வரவேற்பில் இருந்தவர் முகம் மாறாமல் சொன்னார். அன்று பேரருவியில் நீர் அதிகம் என்று காவலர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, ஐந்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். அருவி நன்றாக இருந்தது. அதற்கு மேல் அருவியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

வெள்ளி காலை மாரியப்பன் என்பவரின் ஆட்டோவை அரை நாளுக்கு அறுநூறு ரூபாய் பேசிக்கொண்டேன். போக வேண்டிய இடத்தைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஜமீலாக்கா எடமா? வெள்ளக்காரங்க கட்டிக் குடுத்த பில்டிங்கு. கல்யாண மண்டபத்துல கூட அவ்ளோ சன்னல் கெடையாதுக்கா."

"நல்லதுதானே?"

"போற வழியில பெரிய கோயில் வாசல்ல ஒரு நிமிஷம் எறங்கி நில்லுங்க. பொறவு சொல்லுங்க, நல்லதா கெட்டதான்னு."

இறங்கினேன். தென்காசி கோயிலின் கோபுர வாசல் காற்றைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வாசலைக் கடக்கும்போது எதிரிலிருந்து வந்த காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. முன்னால் போன ஒருவரின் வேட்டி அவருக்கு முன்பே திரும்பி வரப் பார்த்தது. செங்கோட்டைப் பக்கம் மலையில் இருக்கும் இடைவெளி வழியாக நேரே வரும் காற்று. நான் திரும்பி வந்து ஏறியதும் மாரியப்பன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

இலஞ்சி போகும் சாலையில், வயல்களும் தென்னைகளும் ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது கட்டடம். முகப்பில் நிறுவனத்தின் பெயரோடு "சமூக மையம்" என்று பளிங்குப் பலகை. மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல்கள். காற்றோட்டத்துக்காக வேறு ஊரிலிருந்த ஒரு கட்டடக் கலைஞர் போட்ட வரைபடம். தாளில் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இருக்காது. இங்கே அந்த ஜன்னல்கள் வழியாகச் சாரல் உள்ளே வந்து பின்னிய கூடைகளின் மேல் விழுந்திருக்கிறது. இப்போது எல்லா ஜன்னல்களையும் பழைய ஃபிளக்ஸ் பேனர்களால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு காதுகுத்து, இரண்டு பூப்புனித நீராட்டு விழா, நடுவில் இதே கட்டடத்தின் திறப்பு விழா. அதில் வெளிநாட்டு அதிகாரிகள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருபது பெண்கள் போல இருந்தார்கள். காய்ந்த வாழைமட்டையைக் கிழித்துக் கயிறாகத் திரித்து, கம்பிச் சட்டத்தைச் சுற்றிப் பின்னுகிறார்கள். இது இந்த ஊரின் பழைய தொழில் ஒன்றும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டது. குழுவை நடத்துகிறவர் ஜமீலா, நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், இந்துப் பெண்கள் உட்பட. நிறுவன ஊழியர் வர இன்னும் நேரம் இருந்தது. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். எனக்குப் பேச்சை ஆரம்பிக்க வராது. அதனால் அண்ணியின் கதையைச் சொன்னேன்: கூடையைத் திறந்தால் ரஸ்க் வாசனை வருகிறதாம்.

பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"எந்த ஊர்ல?" என்று கேட்டார் ஜமீலா.

"ராட்டர்டாம். ஹாலந்து."

"யா அல்லா! அங்கன வரைக்குமா போயிருக்கு?"

மூலையில் மட்டை கிழித்துக்கொண்டிருந்த முப்பிடாதி என்ற பெண் சிரித்துவிட்டார். "ஆறுமுகம் அண்ணாச்சிக்கு வெளிநாட்டுல பிராஞ்சு தெறந்தாச்சு, ராத்தா."

"வாய மூடுட்டி, மூதி. கம்பெனிப் பிள்ள வாற நேரம்."

ஜமீலா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆர்டர் ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் வருகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போக வேண்டிய சரக்கு, ஆவணிக்குள் கப்பல் ஏற வேண்டும். ஆகவே பின்னுவதெல்லாம் சாரல் காலத்தில். ஈரக் கூடையைப் பையில் போட்டுக் கட்டினால் பூசணம் பிடிக்கும். எங்கே உலர்த்துவது? பக்கத்துத் தெருவில் ஆறுமுகம் அண்ணாச்சியின் பேக்கரி இருக்கிறது. விறகு அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் மாடி அறை பகல் முழுக்கக் கதகதப்பாக இருக்கும். இரண்டு ஆண்டுகளாகக் கூடைகள் அங்கேதான் காய்கின்றன.

"அதுல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"கம்பெனி லிஸ்ட்ல இல்லாத எடத்துல கூடைய வெச்சாலே சரக்க நிறுத்திருவாவ. ஆர்டரும் போயிரும். இந்தப் பில்டிங்கு மட்டுந்தான் லிஸ்ட்ல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரரு சவூதியில, தமாம்ல இருக்காரு. பதினேழு வருஷம். மார்கழியோட அக்ரிமெண்டு முடியுது, திருப்பிப் போடாதிய, வந்துருங்கன்னு நாந்தான் சொல்லிட்டேன். இந்த ஆர்டர நம்பிச் சொன்னது. அவரும் முதலாளிகிட்ட சொல்லிப்பிட்டாரு. நீங்க அந்தப் பிள்ளகிட்ட ரஸ்க்குப் பேச்ச எடுத்துராதிய."

நானாகச் சொல்ல மாட்டேன், கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அந்தப் பிள்ள கேக்காம இருக்கணும்" என்றார்.

நிவேதா பதினோரு மணிக்கு வந்தார். கோவைப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர். நான் எதிர்பார்த்த அதிகாரத் தோரணை இல்லை. தீயணைப்புக் கருவியைக் கழற்றிப் பார்த்தார், குடிநீரைத் தானே குடித்துப் பார்த்தார், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். பிறகு முடிந்த கூடைகளின் பக்கம் வந்தார்.

"எங்கங்க காய வைக்கறீங்க?"

"இங்கனதான்" என்றார் ஜமீலா.

நிவேதா சுவரில் கை வைத்தார். கை ஈரமானது. ஒரு கூடையின் மூடியைத் திறந்து முகர்ந்தார். "என்னமோ மணக்குதே. பிஸ்கட்டா?"

"டீக்கு ரஸ்க்கு முக்கித் திங்கோம்லா? கை மணம்" என்றார் முப்பிடாதி.

"இத்தன கூடைக்குமா?"

"நாங்க நல்லாத் திங்கோம், மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள், நிவேதாவும். அத்தோடு அது போயிருக்கும். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, வெறும் மரியாதைக்காக, "உங்க வீட்ல ஒரு கூடை வாங்கிருக்காங்கன்னு மெயில்ல போட்டிருந்தீங்களே, மேடம். எப்படி இருக்கு, நல்லா உழைக்குதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா முந்திக்கொண்டார்.

"அவங்க சொல்லாண்டாம். நாஞ் சொல்லுதேன். வாங்க, எடத்தக் காட்டுதேன்."

நிவேதா, ஜமீலா, முப்பிடாதி, நான் என நால்வரும் பேக்கரிக்கு நடந்தே போனோம். நடையில் ஐந்து நிமிடம். ஆறுமுகம் அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. இப்படிப் பட்டியலில் இல்லாத இடங்களில், வேறு ஊர்களில், பிள்ளைகளை வைத்து வேலை வாங்கியதால்தான் இந்த விதி வந்தது என்று நிவேதா விளக்கப் போனார்.

"எங் கடையிலயா? இருக்கதுல சின்னவன் எம் மருமவன். முப்பத்தெட்டு வயசு. அவனும் ஒரு வேலயும் செய்யமாட்டான். வேணும்னா எழுதிக்கோ, தாயி."

மாடிக்குப் போக ஒரே ஒரு படிக்கட்டு, ஆள் பக்கவாட்டில் ஏறும் அகலம். படிக்குக் கீழே கூரை முட்ட விறகு. மேலே அறை நிறையக் காய்ந்த வாழைமட்டைக் கூடைகள். காய்ந்த மட்டை எப்படிப் பற்றும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அறை இதமாகத்தான் இருந்தது. ஏலக்காயும் புகையும் கலந்த வாசனை. ஊருக்கு வந்ததிலிருந்து நான் முதல்முறையாக உலர்ந்து நின்ற இடம் அதுதான்.

"இங்க யாருங்க இருந்து பாத்துக்கறது?" என்று நிவேதா கேட்டார்.

"இவதான்" என்று ஜமீலா முப்பிடாதியைக் காட்டினார். "மணிக்கு ஒருக்க கூடைய எல்லாம் திருப்பிப் போடணும்லா."

"கீழ ஒரு பொறி பட்டா இவங்க எந்த வழியா எறங்குவாங்க, அண்ணாச்சி?"

அண்ணாச்சி விறகைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். ஜமீலா முப்பிடாதியைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அதுவரை நான் மனத்துக்குள் பெண்களின் பக்கம் இருந்தேன். விதியை எழுதியவர்கள் இந்த ஊரை அறியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறியாதவர்கள்தான். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் விதி சரியாக இருந்தது.

இந்தச் சரக்கை நிறுத்தி வைப்பதாக நிவேதா சொன்னார். தன் கையில் வேறு வழி இல்லை என்றார். அப்போதுதான் முப்பிடாதி வெடித்தார்.

"நாங்க பில்டிங்கா கேட்டோம்? அதக் கட்டுததுக்கு முந்தி ஒங்காளுங்க வந்து, ஒங்க சமூகத்துக்கு என்ன வேணும், கக்கூஸ் வேணுமா, கட்டடம் வேணுமா, தண்ணி மிசினு வேணுமான்னு கேட்டாவ. ஆர்டர தை மாசத்துக்கு மாத்துங்க, வெயில்ல காய வெச்சுத் தாறோம்னு சொன்னேன். அது சமூகத் தேவை இல்லையாம். அது சாமான் வாங்குற டிபார்ட்மெண்டாம், இவங்க நல்லது செய்யுற டிபார்ட்மெண்டாம்."

"அது எங்க டீம் இல்லீங்க..." என்று தொடங்கிய நிவேதா பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொல்ல வந்தது எதுவென்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கைப்பேசியை எடுத்தார். "இப்பச் சொன்னத அப்படியே இன்னொரு தரம் சொல்றீங்களா? படியும் விறகும் தெரியற மாதிரி நின்னு சொல்லுங்க. வாங்கற டீமுக்கே நேரா அனுப்பறேன். கேப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

முப்பிடாதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் சொன்னார். இரண்டாம் தடவை கோபம் குறைந்து, கணக்கு வாத்தியார் போல வந்தது.

திரும்பும்போது ஜமீலா ஆட்டோ வரை வந்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழம. எங்க வீட்டுக்காரருக்கு லீவு. ராத்திரிக்குள்ள போன் வரும்" என்றார். என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை என்று தோன்றியது. என் வேடிக்கைக் கதை இல்லாவிட்டால் ஜமீலா அன்று வாயைத் திறந்திருக்க மாட்டார் என்பதும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை சுந்தரபாண்டியபுரம் போனேன். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். சூரியகாந்தி பூத்திருந்தது. சாலையோரம் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு விவசாயி குடையோடு வரப்பில் நின்று, செடிகளுக்குள் இறங்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். "லைக்கு ஒங்களுக்கு, ஒடிஞ்ச செடி எனக்காலே?" என்று ஓர் இளைஞனைக் கேட்டார். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாரலுக்கு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. கூட்டம் பிடிக்காதென்றால் செவ்வாய், புதன், வியாழன். அருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதைக் காலையிலேயே ஆட்டோ ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு முதலில் தெரியும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அடிக்கடி வண்டி உண்டு. புளியறை வரை போனால் பரோட்டாக் கடைகளில் ஞாயிறு மதியம் உட்கார இடம் கிடைக்காது, பதினொன்றரைக்கே போய்விடுங்கள். சீக்கிரம் காயும் துணியாக எடுத்துச் செல்லுங்கள். இல்லை, எதுவும் காயாது. கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

கடல் தாண்டிய ஒரு கடை நிறுவனம் இங்குள்ள ஒரு சமூகத்துக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு, வகுப்பில் நான் பல தலைப்புகளில் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதத்தில் ஆர்டர் கொடுக்கிறீர்கள்? கட்டடத்தைப் படம் எடுத்து அட்டையில் போடலாம். மாதத்தைப் படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நிறுத்தி வைத்த சரக்கு என்ன ஆனது என்று பிறகு ஜமீலா சொன்னார். பேக்கரி மாடிக்கு அனுமதி கிடைக்கவில்லை, கிடைக்கவும் கூடாது என்று அவரே சொன்னார். ஏறக்குறையப் பாதிக் கூடைகளில் பூசணம் பிடித்துவிட்டது. அவற்றைத் துடைத்து, ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டான் விற்பவர்களுக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். மீதிப் பாதியை நிறுவனம் தாமதமாக எடுத்துக்கொண்டது. அந்தத் தீபாவளிக்கு அங்கே யாரும் புதுத்துணி எடுக்கவில்லை என்று முப்பிடாதி பின்னாலிருந்து கத்தினார். அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை. நல்ல செய்தி இருக்காது என்று நினைத்தேன்.

கடந்த மாதம் அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதே கடையில் இன்னொரு கூடை வாங்கியிருக்கிறார், அதே அட்டை. தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தாராம். ஒரு வாசனையும் இல்லை. "இதுல ஏமாத்திட்டாங்க" என்று எழுதியிருந்தார்.

ஜமீலாவை அழைத்துச் சொன்னேன்.

"தையிலயே ஆர்டர் வந்துட்டுல்லா? மாசி, பங்குனி வெயில்ல காஞ்சது. அதுல என்ன மணக்கும்?" என்றார். அந்தப் பக்கம் தூரத்தில் ஓர் ஆண்குரல், சீனி டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டது.

"பதினேழு வருஷமா அதே எடத்துலதான் இருக்கு" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்றார்.